அப்பா பெயருக்கான கட்டம்

உங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். சில நாள் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது நான் நாலுக்குப் பதில் ஐந்து வைத்துவிடுவேன். "அப்பாவுக்கு எண்ணத் தெரியல" என்று சின்னவன் சிரிப்பான். அம்மா ஐந்தாவதை எடுத்து அலமாரியில் கவிழ்த்துவிடுவாள். அது யாருக்கு என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். போன மாதம் ஒரு கடிதம் வந்ததனால் இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தட்டு, ஒரு பழைய பட்டியலில் ஒன்பது வயசு என்று எழுதியிருந்த பெண் ஒருத்திக்கு. அவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். வெள்ளைக்காரர்கள் போய் இறங்குவதற்கு முன்பே அமெரிக்காவில் இருந்தார்களே, அந்த ஜனங்களில் ஒருத்தி. நான் அவளுக்கு இல்லாத ஒரு அப்பாவைக் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து அதைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது.

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறார்" என்பீர்கள். சரிதான். நான் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவன். மயிலாப்பூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினேன், அது சோறு போடுகிறது. தி. நகரில் பட்டுப்புடவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் பழைய பதிவேடுகளின் படம் ஸ்கிரீனில் வரும். கோழி கிளறின மாதிரி கையெழுத்து. அதைப் படித்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும். பெயர், வயசு, ஆணா பெண்ணா, என்ன உறவு, அப்பா பெயர், அம்மா பெயர். அங்கே இருக்கிறவர்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடினால், நாங்கள் அடித்து வைத்ததுதான் வரும்.

இதில் ஒரு முறை உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்று சொல்ல மாட்டார்கள். இரண்டையும் மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை. வேறு வேறாக இருந்தால் சிவப்பு, மூன்றாவது ஆள் வந்து தீர்த்து வைப்பார். அதாவது ஒருத்தன் தப்பு பண்ணினால் மாட்டிக்கொள்வான். இரண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணினால் அது தப்பே இல்லை.

பெரியவள் நாலாவது படிக்கும்போது எங்களுக்குப் பொட்டவாட்டமி என்ற அமெரிக்கப் பழங்குடி ஜனங்களின் பட்டியல்கள் வந்தன. முதலில் எனக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைப் பற்றிக் கிடைத்ததைப் படிக்க ஆரம்பித்தேன்.

பெரிய பெரிய ஏரிகளைச் சுற்றி வாழ்ந்தவர்கள். கடல் மாதிரி ஏரியாம், அக்கரை தெரியாதாம். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி என்று மூன்று கூட்டமும் தங்களை அண்ணன் தம்பி என்றே சொல்லிக்கொள்வார்கள். ஒஜிப்வே மூத்தவர், ஒடாவா நடுவில் உள்ளவர், பொட்டவாட்டமி கடைக்குட்டி. மூன்று பேருக்கும் பொதுவான நெருப்பை அணையாமல் காப்பது கடைக்குட்டியின் பொறுப்பு. பக்கத்திலேயே மயாமி, கிக்கப்பூ என்று வேறு ஜனங்கள். அவர்களோடு சண்டையும் உண்டு, கொண்டு கொடுத்தலும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு குலம் உண்டு. கரடி, மீன், கொக்கு இப்படி. குலம் அப்பா வழியாக வரும். அம்மாவின் தங்கச்சியை ஒரு அம்மாவாகவே நினைப்பார்கள், நாம் சின்னம்மா என்கிற மாதிரி. படிக்கப் படிக்க, இவர்கள் கோடம்பாக்கம் தாண்டி எங்கேயோ இருக்கிறார்கள், ஒரு பஸ் பிடித்தால் போய்விடலாம் என்று தோன்றிவிட்டது.

அப்புறம்தான் அந்த நடையைப் பற்றிப் படித்தேன். அவர்கள் நிலம் வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரு கிராமத்தில் கூட்டம் இருக்கிறது என்று சொல்லி ஜனங்களைச் சர்ச்சுக்கு வரச் சொன்னார்கள். வந்து பார்த்தால் சுற்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள். அப்படியே மேற்கே நடக்க விட்டார்கள். இரண்டு மாதம். தண்ணீர் சரியில்லை, காய்ச்சல். செத்ததில் முக்கால்வாசி பிள்ளைகள். வழியிலேயே புதைத்துவிட்டு நடந்தார்கள்.

எனக்கு வந்த பக்கங்கள் அதற்கெல்லாம் பிறகு, போய்ச் சேர்ந்த இடத்தில் எழுதியவை.

ஒரு நாள் காலையில் ஒரு பக்கம். நடுவில் ஒரு குடும்பம்: ஒரு ஆள், பெண்டாட்டி, இரண்டு பையன்கள். அதற்குக் கீழே, பக்கத்தின் கடைசி வரியில், ஒரு பெண் மட்டும். ஒன்பது வயசு. உறவு என்ற இடத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். எழுதினவர் பேனாவை இழுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

கோடு இருந்தால் அப்பா பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட வேண்டும். சட்டம் அதுதான். எனக்கும் தெரியும். அன்று காலை பெரியவளின் ஸ்கூல் டைரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அட்டையில் அவள் பெயர், முன்னால் என் எழுத்து. அவளுக்கும் ஒன்பது வயசு. நம் ஊரில் இனிஷியல் இல்லாமல் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் உட்கார முடியுமா? வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது வெறும் பேரை மட்டும் கூப்பிட்டால் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். "உங்கப்பன் பேரு இன்னாடா" என்பதைவிடப் பெரிய வசவு நம் தெருவில் உண்டா?

மேல் வரியில் ஒரு ஆள் இருந்தார். அவர் பெயரை அடித்தேன்.

சிவப்பு வரும் என்று எனக்கு நிச்சயம். இன்னொருத்தர் காலியாக விட்டிருப்பார், மூன்றாவது ஆள் என்னுடையதை அழித்துவிடுவார். ஒரு மணி நேரமாவது அவளுக்கு அப்பா இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையாக.

சாயங்காலம் பார்த்தால் பச்சை.

எனக்குத் தெரியாத யாரோ, எங்கேயோ உட்கார்ந்து, அதே கட்டத்தில் அதே பெயரை அடித்திருக்கிறார்கள். சட்டத்தை மீறி. யார்? அன்று படியிறங்கும்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது, சிரிக்காதீர்கள். அவளே அடித்திருப்பாளோ என்று.

எங்கள் படிக்கட்டு உங்களுக்குத் தெரியும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் புடவைக் கடைக்காரர்கள் பொம்மைகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். பட்டுப் பாவாடைக்கான சின்னப் பெண் பொம்மை ஒன்று, மொட்டைத் தலையோடு, துணி இல்லாமல், சுவரைப் பார்த்தபடி. அன்றிலிருந்து அதைத் தாண்டும்போது நான் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் என் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் வெறுங்கால் சத்தம் ஒன்று. அடையாறு பாலத்தில் பஸ் நின்றால் பக்கத்து சீட்டில் யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பேன். பயம் என்று சொல்ல மாட்டேன். கூட வருகிறாள், அவ்வளவுதான். அப்படித்தான் தட்டு ஐந்தாயிற்று.

போன மாதம் எங்கள் டீம் லீடர், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னப் பெண், நாங்கள் மேடம் என்போம், என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு மெயிலின் பிரிண்ட்.

"சார், இந்த ரெக்கார்ட் அடிச்ச ரெண்டு ஐடில ஒண்ணு உங்களுது. ஒரு லேடி கேட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு அவங்களோட கொள்ளுப்பாட்டிக்கு அம்மாவாம்."

அந்த அம்மா எழுதியதை மேடமே தமிழில் சொன்னாள். அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது, அந்தப் பெண் தனியாக வந்தவள் என்று. நாங்கள் அடித்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அப்பா இருந்தார் என்று தெரிந்ததாம். அவர் கொக்குக் குலமாம். வீட்டில் எல்லாரும் அழுதார்களாம். ஆனால் அந்த ஆளின் வம்சத்தார் இப்படி ஒரு மகள் இல்லவே இல்லை என்கிறார்கள். படத்தில் கோடுதான் தெரிகிறது. அதனால் கேட்கிறார்: நீங்கள் வேறு ஏதோ காகிதத்தைப் பார்த்துத்தானே அந்தப் பெயரை எழுதினீர்கள்? அது எந்தக் காகிதம்? எங்கே இருக்கிறது?

பிரிண்ட்டை வாங்கி நாலாக மடித்தேன்.

"இமேஜ் கலங்கலா இருந்துச்சுன்னு எழுதிடலாம் சார்," என்றாள் மேடம். "எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. உங்க வேலைக்கும் பிரச்சினை வராது."

டீக்கடைக்கு இறங்கினேன். பின்னாலேயே எங்கள் ஆபீஸ் கோடம்பாக்கத்துக்காரரும் வந்தார். முன்பு சினிமாப் படங்களுக்கு டைட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், என்னைவிட மூத்தவர், எனக்கு அண்ணன் மாதிரி.

"இன்னா நைனா, பேய் அறஞ்சா மாரி கீறே?"

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறின பிறகும் ஆற்றினார்.

"அந்த ரெண்டாவது ஐடி நாந்தான்," என்றார்.

"அண்ணே!"

"கோடு போட்டுக்கினு ஒரு கொயந்த. எப்டி நைனா காலியா வுடறது? மேலயே ஒரு ஆளு குந்திக்கினு கீறான். போட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "என் கத தெரியுமா ஒனக்கு? எங்கப்பன் யாருன்னு எங்கம்மா சொன்னதேயில்ல. இஸ்கோல்ல சேக்கசொல்ல, ஸ்டுடியோல லைட்டு தூக்கிக்கினு இருந்த ஒருத்தரு தன் பேர்ல ஒரு எழுத்த எனக்குக் குட்த்தாரு. அதான் இன்னிக்கும் ஆதார்ல கீது."

இத்தனை வருஷம் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

"கலங்கலா இருந்துச்சுன்னு எழுதிட்டுப் போய்க்கினே இரு நைனா. யாரு கப்பல் ஏறி வந்து கேக்கப் போறா?"

"அப்படி எழுதினா, தெளிவா ஒரு காகிதம் எங்கேயோ இருக்குன்னு அந்தம்மா தேடிக்கிட்டே இருப்பாங்களேண்ணே. சாகுற வரைக்கும் தேடுவாங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். கட்டைப் பையோடு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"அப்ப எழுதிடு. என் பேரையும் போடு. இனிஷியலோட போடு, தெரிதா? காலியா வுட்றாத." சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

நான் தமிழில் எழுதினேன், மேடம் இங்கிலீஷாக்கினாள். வேறு காகிதம் எதுவும் இல்லை. அந்தக் கோட்டைத் தவிர நாங்கள் எதையும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அப்பா பெயர் இல்லாமல் ஒரு பிள்ளையை எழுதுவது அவமானம். அந்த அவமானம் அவளுக்கு வரக்கூடாது என்று இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பொய்யை எழுதிவிட்டோம். உங்களுக்கு இல்லாத அப்பாவை, இல்லாத குலத்தைக் கொடுத்தோம். மன்னியுங்கள். மேடம் அனுப்பும் முன் என்னை ஒரு தரம் பார்த்தாள். "அனுப்பட்டுமா சார்?" என்றாள். தலையாட்டினேன்.

திருத்துவதற்கும் அதே முறைதான். பக்கத்தை மறுபடி திறந்து இரண்டு பேரும் தனித்தனியாக அடிக்க வேண்டும். கடைசி வரிக்கு வந்தேன். அவள் பெயர். ஒன்பது. பெண். அப்பா பெயருக்கான கட்டத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னியது, கதவைத் தட்டுகிற மாதிரி. தாண்டிப் போகிற பட்டனில் விரல் இருந்தது. அழுத்த வரவில்லை. எதிர் வரிசையில் அண்ணன் கீபோர்டும் சத்தமில்லாமல் இருந்தது. பிறகு அங்கே பட்டனைத் தட்டும் சத்தம் ஒன்று கேட்டது. நானும் அழுத்தினேன்.

பச்சை.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. கோபம் இல்லை. தன் வீட்டில் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது, இத்தனை காலம் அதை விட்டுவிட்டு ஸ்கிரீனை நம்பினோம் என்று எழுதியிருந்தார். அவளை வளர்த்தது அவள் அம்மாவின் தங்கச்சி என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டாம், இனி அந்த வழியில் தேடுவாராம். கடைசியில் ஒரு வரி: "கொக்குக் குலம் என்று என் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். கொக்கு படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இப்போது அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை."

அந்தப் படத்தை யார் சுவரிலிருந்து எடுப்பார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் இறங்கும்போது, படித் திருப்பத்தில் புடவைக் கடைக்கார அம்மா ஒருவர் அந்தச் சின்னப் பொம்மைக்குப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"சார், சித்த பிடிங்களேன், சாயுது."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டேன். இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். கனமே இல்லை. அவர் பின்னால் முடிச்சுப் போட்டார், மடிப்பை நீவிவிட்டார், எழுந்து நின்று பார்த்தார். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"விட்டுருங்க சார்," என்றார். "தானா நிக்கும்."

கையை எடுத்தேன். நின்றது.