பெரியவர் என் கை டீயைக் குடிக்காத காரணம்

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டிப் பக்கம் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. இதை முதலில் ஒரு சிஸ்டர் படிக்க வேண்டும். பிறகு யார் படித்தாலும் சரி.

ஓசூர் சிப்காட்டில் லாரி ஷெட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நான் மாஸ்டர். ஷெட்டின் சுவரோரம் ஒரு பெரியவர் கிடந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். யாரோ தனக்கு விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்று நம்பினார். அதனால் இரண்டு கிளாஸில் டீ ஆற்றி நீட்ட வேண்டும். வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றை எடுப்பார். மற்றதை அவர் கண் முன்னால் நான் குடித்த பிறகுதான் தன்னுடையதை வாயில் வைப்பார். "என்ன மாஸ்டர், மகாராஜாவுக்கு ருசி பாக்குறியா?" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். கூச்சமாக இருக்கும். ஆனாலும் குடிப்பேன்.

தெருவில் கிடப்பவர்களுக்கு மனநோய் வைத்தியம் பார்க்கும் சிஸ்டர் வியாழன்தோறும் வேனில் வருவார். எனக்கு அவர் மேல் நல்ல எண்ணம் இல்லை. இப்படிப்பட்டவரைத் தேடி யார் சும்மா வருவார்கள்? ஏற்றிக்கொண்டு போய்க் கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்றார்கள் டிரைவர்கள். நானும் வேன் நம்பரைக் கடைச் சுவரில் கரியால் எழுதிவைத்தேன். சிஸ்டர் யாரையும் ஏற்றவில்லை. பெரியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசுவார், போய்விடுவார்.

ஒருநாள் என்னிடம் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தார். "அண்ணா, உங்க கையால குடுத்தா முழுங்கறேங்கறாரு. தெனம் ஒண்ணு. காட்டிக் குடுங்க. டீயில மட்டும் கலந்துடாதீங்க."

மறுநாள் நீட்டினேன். "யாரு குடுத்தா?" என்று பெரியவர் என் கண்ணையே பார்த்தார். அது என்ன மாத்திரையோ என்று எனக்கே சந்தேகம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே, யாரோ துரத்துவதாகக் கத்திக்கொண்டு அவர் ஹைவேயில் ஓடினார். ஒரு டிரெய்லர் முழ தூரத்தில் பிரேக் அடித்து நின்றது. அன்று சாயங்காலமே மாத்திரையைப் பொடித்தேன். எந்தக் கிளாஸை எடுப்பார் என்று தெரியாதே. அதனால் இரண்டிலும் ஒவ்வொன்றாகக் கலந்தேன். ஒன்றை அவர் குடித்தார், ஒன்றை நான் குடித்தேன்.

நாலு நாள் அப்படியே. அவர் நன்றாகத் தூங்கினார். நானும் தூங்கினேன், அடுப்பு முன்னால் நின்றபடியே. நாலாம் நாள் கை தளர்ந்து, பால் சட்டி கவிழ்ந்து, முன்கை வெந்துவிட்டது. முதலாளி கத்தினார். பெரியவர் எழுந்து வந்து என் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"அய்யோ தம்பி, உனக்கும் போட்டுட்டாங்களா? நாக்கு கசக்குதா? எனக்கும் நாலு நாளா கசக்குது. இந்தக் கடை பேட, வேண்டாம், ஓடிடு."

"அதெல்லாம் இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதோடு எங்கள் கடை டீயை அவர் தொடவில்லை. "வாங்க மாட்டேங்கறாரு" என்று சொல்லி மிச்ச மாத்திரையை சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். சிஸ்டர் பல வாரம் உட்கார்ந்து, அட்டையைக் காட்டி, எதற்கென்று எடுத்துச் சொல்லி, பெரியவரே பிரித்துப் போட்டுக்கொள்ளும்படி செய்துவிட்டார். இப்போது அவர் குளிக்கிறார், ஷெட்டில் லாரி கழுவுகிறார். எதிர்க்கடையில் டீ குடிக்கிறார், ஒரே கிளாஸில். என்னைக் கண்டால் மட்டும் நின்று, "இன்னும் அங்கயா இருக்கற?" என்று கவலையோடு கேட்கிறார்.

போன வியாழன் சிஸ்டர் சொன்னார்: "எல்லாம் சரியாயிட்டு வருது அண்ணா. உங்க கடை டீயில மருந்து போட்டாங்கங்கறதை மட்டும் விடவே மாட்டேங்கறாரு. அடுத்த வாரம் டாக்டர் மாத்திரையைக் கூட்டலாம்னு இருக்காரு."

நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின கிளாஸையே மறுபடியும் கழுவினேன்.

சிஸ்டர், நாளைக்கு இதை உங்கள் கையில் கொடுப்பேன். பெரியவருக்கும் படித்துக் காட்டுங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். டீயில் மருந்து இருந்தது. போட்டவன் நான். அவர் நாக்கு சொன்னது சரி. மாத்திரையைக் கூட்ட வேண்டாம்.

கார்த்திகை 12, புதன்கிழமை.