பத்தாவது கட்டளையும் ஒரு சோடி சப்பாத்தும்

வளைகுடாவில், ஈசா டவுனில் நாங்கள் இருந்த வீட்டில் பத்துக் கட்டளைகள் சுவரில் தொங்கியதோடு நில்லாமல் நாள் முழுக்கப் புழக்கத்திலும் இருந்தன. என் பாடத்தாளை அலுவலக மெஷினில் ஒரு போட்டோக்கொப்பி எடுத்துவரச் சொன்னால், அது களவு என்பார் அப்பா. அம்மாவோ, பேசப் பிடிக்காதவர் போனில் அழைத்தால்கூட வெளியே நிற்பதாகச் சொல்ல மாட்டார்; எடுத்து, அரைமணி நேரம் அவதிப்பட்டுவிட்டுத்தான் வைப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஞாயிறுப் பாடசாலை ரீச்சர் ஒரு யோசனை செய்தார். அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் எங்கள் ஞாயிறுப் பாடசாலையும் வெள்ளிக்கிழமைதான் நடந்தது. பெயரை மாற்ற மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு கட்டளையைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும், ஒரு வாரம் அதைக் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும், அடுத்த வெள்ளி வந்து சொல்ல வேண்டும். எனக்குப் பத்தாவது வந்தது. அடுத்தவருடைய வீட்டையோ மாட்டையோ கழுதையையோ, வேறெதையுமே ஆசைப்படக் கூடாது. பக்கத்தில் இருந்த பையனுக்குத் தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படிவது வந்து, அவன் முகம் வாடிவிட்டது. ஈசா டவுனில் எனக்குத் தெரிந்த எவரிடமும் மாடோ கழுதையோ இல்லாதபடியால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் என் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது.

அது எதிர்வீட்டு அன்ரியின் பெட்டி. எதிர்வீடு அரபுக்காரர் வீடு. அன்ரி அங்கே வீட்டு வேலை செய்தார். நாங்கள் யாழ்ப்பாணம், அவர் மலைநாடு, பண்டாரவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் இரண்டு மணிநேரம் ஓய்வு கிடைக்கும். உடனே எங்களிடம் வந்துவிடுவார். ஊருக்கு அனுப்பச் சேர்க்கும் சாமான்களை வைக்க அவருடைய அறையில் இடமில்லாததால் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. வாரம் ஒரு பொருள் அதில் சேரும்: பால்மா, சவர்க்காரம், போர்வை. ஊரில் அவருக்கு என் வயதில் ஒரு மகள். நாலு வருடமாக அவளை நேரில் பார்க்கவில்லை.

நான் சீட்டு எடுத்துவந்த அதே வெள்ளி, அன்ரி பெட்டிக்குள் ஒரு சோடி சப்பாத்து வைத்தார். இளஞ்சிவப்பு நிறம். நடந்தால் குதிக்காலில் சிவப்பு விளக்கு மின்னும்.

"பாத்தியா பாப்பா?" என்று தரையில் தட்டித் தட்டி மின்னவைத்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்தேன். பார்ப்பது ஆசைப்படுவதில் சேராது என்று எண்ணினேன். திங்களன்று காலில் போட்டுப் பார்த்தேன், கட்டிலின் மேல் மட்டும். செவ்வாய் அறைக்குள் நடந்தேன். புதன்கிழமை அம்மா குளிக்கப் போன நேரம் வெளியே இறங்கித் தெருமுனை வரை ஓடினேன். மின்னுகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடியதில் கல்லில் இடறி விழுந்தேன். எழுந்தபோது இடது சப்பாத்து மின்னவில்லை. தட்டினேன், உலுக்கினேன், அவசரமாக ஒரு ஜெபமும் செய்தேன். பிறகு தூசியைத் துடைத்துப் பெட்டிக்குள் பழையபடி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரீச்சர் கேட்டபோது, "கடைப்பிடிச்சனான் ரீச்சர்" என்றேன். அவர் என் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டினார்.

அன்று பின்னேரம் அன்ரி பெட்டியைக் கட்ட வந்தார். மறுநாள் காலை கார்கோ வான் வருவதாக இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் அடுக்கினார். கடைசியாகச் சப்பாத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தின் கோடுகளுக்குள் மண். தரையில் தட்டினார். ஒன்று மின்னியது. மற்றது பேசாமல் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ போட்டனியோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரே நாளில் இரண்டாவது பொய் வரவில்லை; அழுகை வந்தது. "ஓம்" என்றேன்.

அம்மா கையை ஓங்கினார். அன்ரி குறுக்கே வந்துவிட்டார். "ஐயோ, அடிக்காதீங்கக்கா. சின்னப் புள்ளதானே."

"சின்னப் பிள்ளையெண்டால்? மற்ற ஆக்களின்ரை பொருளெல்லே!" என்று அம்மா அதட்டினார். "நாளைக்கே இவளின்ரை அப்பாவைக் கொண்டு புதுசு வாங்குவிக்கிறன். இப்ப பெட்டியைக் கட்டாதையுங்கோ."

அன்ரி என் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு அளவு சரியா இருந்திச்சா?"

தலையாட்டினேன்.

"எங்க, போட்டுக் காட்டு."

பயத்தோடு அம்மாவைப் பார்த்தேன். அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். போட்டேன். அன்ரி முழந்தாளிட்டுச் சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். "போன்ல மூஞ்சி மட்டுந்தான் தெரியுதுக்கா. கீழ காட்டுடின்னா சிரிச்சிக்கிட்டே ஓடிருவா. என்னா ஒசரம், கால் எவ்ளோ பெருசு, ஒண்ணும் தெரியல. பாப்பா கால நெனச்சித்தான் இத வாங்கினேன்." பிறகு என்னிடம் மெதுவாக, "கொஞ்சம் நட பாப்பா" என்றார்.

சோபாவிலிருந்து ஜன்னல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன். ஒரு கால் மின்னியது, ஒரு கால் மின்னவில்லை. அழுகை நின்று, நடையில் கொஞ்சம் மிடுக்குக்கூட வந்துவிட்டது. அன்ரி என் முகத்தைப் பார்க்கவே இல்லை; கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை நான் திரும்பி வந்தபோது கைகளை நீட்டி என்னை மடிக்குள் இழுத்துக்கொண்டார். என் தலைமயிருக்குள் முகத்தை வைத்து ஒரு பெயரைச் சொன்னார். அது அவருடைய மகளின் பெயர். மறுபடியும் சொன்னார்.

காலையில் சொன்ன பொய் என் நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. இனி உண்மையைத் தவிர எதையும் பேசுவதில்லை என்று அப்போதுதான் தீர்மானித்திருந்தேன். ஆகவே தலையை நிமிர்த்தி, மிகத் தெளிவாக, "நான் அவள் இல்லை அன்ரி" என்றேன்.

அவருடைய கைகள் தளர்ந்தன.

"ஆமா பாப்பா" என்று சிரித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சப்பாத்தைக் கழற்றி, மண்ணைக்கூடத் தட்டாமல் பெட்டிக்குள் வைத்தார். புதுசு வேண்டவே வேண்டாம் என்றார். "இதுல ஒரு புள்ள நடந்திருக்கு. இதுவே போகட்டும்."

சில மாதங்களில் எதிர்வீட்டார் வேறு ஊருக்கு மாறிப்போனார்கள். அன்ரியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் விடைபெற வந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கொடுத்துவிட்டுப் போன நம்பர் பிறகு வேலை செய்யவில்லை. இப்போது நான் வளைகுடாவின் இன்னொரு துறைமுக ஊரான புஜைராவில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சூப்பர்மார்க்கெட்டில் யாராவது அந்த மலைநாட்டுப் பேச்சில் பேசினால், கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். எப்போதும் வேறு யாரோதான். அந்தப் பெயருக்கு அன்று ஒரு "ம்" சொல்லியிருக்கலாம். எந்தக் கட்டளை அதைத் தடுத்திருக்கும்?

அன்றிரவு ஜெபத்தில், அடுத்தவருடையதை ஆசைப்பட்டது இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். இன்னொருவரும் ஆசைப்பட்டிருந்தார் என்பதோ, அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது என்பதோ எனக்கு விளங்கவில்லை. அன்ரி என்னை மடியில் இழுத்துக்கொண்டபோது அம்மா சத்தமில்லாமல் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். கோபத்தில் போகிறார் என்றுதான் எண்ணினேன். அங்கே குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இருக்கவில்லை.