லாட்ஜ் வாளுக்கு வயது பார்த்தது

தேரடி வீதியில் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பழைய ராணுவ வாள்களைப் பார்த்து எந்தக் காலத்தவை என்று சொல்வது என் பொழுதுபோக்கு. ஒரு பொம்பளைக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள், கேட்டு முடித்ததும் தங்கள் வீட்டிலும் ஒரு வாள் இருப்பதாகச் சொல்வார்கள்.

கிரிவலப் பாதையில் லாட்ஜ் நடத்துகிறவர் அப்படித்தான் வந்தார். "எங்க முப்பாட்டன் செஞ்சிக் கோட்டையில சண்ட போட்ட வாளு மேடம். எத்தினி வருஷம்னு மட்டும் சொல்லுங்க, ரூமுக்கு வர்றவங்க கேக்கறாங்க."

போனேன். வரவேற்பு மேஜைக்கு மேலே வாள் தொங்கியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பூசிய சந்தனமும் குங்குமமும் கைப்பிடியில் ஏடுகட்டிப் போயிருந்தன. அலகு நேராக, ஒல்லியாக இருந்தது. வெள்ளைக்காரன் தன் காலாட்படை அதிகாரிகளுக்குச் செய்த மாதிரி. அந்த வாள்களில் கையை மறைக்கும் தகட்டில் அந்தந்த ராஜா ராணியின் பெயரெழுத்து இருக்கும். அதை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம். ஈரத்துணியால் துடைத்தேன். எழுத்து வரவில்லை. மூன்று சிங்கங்கள் வந்தன.

"பாத்தீங்களா, ராஜ முத்திர!" என்றார்.

"ரூபா நாணயத்துல இருக்குதே, அந்த சிங்கங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம மிலிட்டரிக்குச் செஞ்சது" என்றேன்.

அவர் நம்பவில்லை. சமையலறையிலிருந்து அவருடைய அக்கா கையைத் துடைத்தபடி வந்தார்.

"அவங்க சொல்றது சரிதான்டா. அப்பா மிலிட்டரியில மெஸ்ஸுல சமையலுக்கு இருந்தாரு. அவரு சமைச்சாத்தான் ஒரு ஆபீசரு சாப்புடுவாராம். அப்பா ஊருக்குக் கெளம்பறப்ப அந்த ஆபீசரு குடுத்தது. நீ அப்ப பொறக்கவே இல்ல."

"செஞ்சி செஞ்சின்னு சொல்லிக்கினு இருந்தேனே, ஏன்க்கா சொல்லல?"

"ஜனங்க நின்னு போட்டோ எடுத்துக்கினு இருந்தாங்க. நல்லாத்தான போவுதுன்னு உட்டுட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"அப்பா என்னக்கா சமைப்பாரு?"

"எல்லாந்தான். உனக்கு மொத மொத தோச சுட்டுக் குடுத்ததே அவருதான். நீ துப்பிட்ட."

சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்புறம்?" என்றார்.

அக்கா எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். வாளை யாரும் பார்க்கவில்லை, என்னையும்தான். துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, ஆட்டோ பிடிக்க வெளியே வந்தேன்.