சாமி அரிசியில் அந்து

அடுப்படியில் அந்துப்பூச்சி பறந்தால் எல்லாரும் முதலில் ரவையைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் ரவையைக் கொட்டினேன். இரண்டு நாள் கழித்து டியூப்லைட்டைச் சுற்றி மறுபடியும் நாலைந்து பறந்தன. கோதுமை மாவைக் கொட்டினேன். அப்புறம் அலமாரியையே காலி செய்து, டப்பாக்களை வெந்நீரில் கழுவி மொட்டை மாடியில் கவிழ்த்தேன். பருப்பையெல்லாம் வெயிலில் உலர்த்தி, வசம்பும் காய்ந்த மிளகாயும் போட்டு மூடினேன். போனில் பார்த்த வீடியோவில் ஒரு பெண் கிராம்பு வைக்கச் சொன்னாள். வைத்தேன். சனியன் பிடித்த பூச்சி அந்தக் கிராம்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

என் வீட்டுக்காரர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று "கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர்" என்று கூவினால் டீக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பசித்தாலும் "ஆ", வலித்தாலும் "ஆ". முகத்துக்கு நேரே பூச்சி பறந்தால் அடிக்கப் பார்ப்பார். இடது கை மேலே போகும், வலது கை வராது. பறக்கிற பூச்சியை ஒரு கையால் அடிக்க முடியாது என்பதை நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னை அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாம்மே" என்பார். நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்படிக் கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, மாடியில் நின்று அண்ணாமலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். இவர் வாயால் ஒரு தடவை "இந்தாம்மே" என்று சொல்லட்டும். தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறேன், அவர் சொன்னதும் அதைப் பொங்கி அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்குப் போடுகிறேன் என்று.

அந்த அரிசி அலமாரியின் மேல் தட்டில், மஞ்சள் துணி கட்டிய எவர்சில்வர் டிரம்மில் இருந்தது. தினமும் உலை வைக்கும் முன் துணியின் ஓரத்தைத் தூக்கி ஒரு பிடி போடுவேன். உள்ளே பார்க்க மாட்டேன். சாமிக்கு எடுத்து வைத்ததை எட்டிப் பார்க்கக் கூடாது, அதில் வேறு எதையும் கலக்கவும் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் வசம்பு, மிளகாய் எதுவும் அதில் போடவில்லை. வீட்டையே கழுவிக் கவிழ்த்தபோதும் அந்த டிரம்மை மட்டும் வெளியில் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அண்ணனைப் பார்க்க என் நாத்தனார் வந்தாள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணி, அந்த டிரம்ல இன்னா இருக்குது?"

"சாமி அரிசி. தொடாத."

"சாமி அரிசின்னு பூச்சிக்குத் தெரியுமா? கீழ எறக்குங்க."

அவளே இறக்கித் துணியை அவிழ்த்தாள். பூச்சிகள் எங்கள் முகத்தில் மோதிக்கொண்டு கிளம்பின. மேலே இருந்த அரிசி நூல் பின்னிக் கட்டி கட்டியாக இருந்தது. கட்டிகளுக்குள் புழு நெளிந்தது. அவள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளினாள். வெறும் மாவு வந்தது. நான் முதன்முதலாகப் போட்ட பிடிகள் அவைதான்.

"இத யாருக்கும் பொங்கிப் போட முடியாதுங்க அண்ணி. மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"அவரு பேசிட்டா அப்ப இன்னா பண்றது?" என்றேன்.

"பேசிட்டா புதுசா வாங்கிப் பொங்கலாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நடக்கப் போவதைப் பற்றிப் பேசுகிற குரலாக அது இல்லை. டாக்டரும் போன வருஷமே இதே மாதிரி மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். அவள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதால் வந்த ஆத்திரம்.

பக்கத்துக் காலி மனையில் கொட்டலாம் என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டேன். ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். அது எதற்கு எடுத்து வைத்த அரிசி என்று அவருக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி "ஆ" என்றார். நான் நிற்காமல் வெளியே போய்விட்டேன்.

பத்து நாளில் பூச்சி ஒழிந்தது. அடுப்படி சுத்தமாக இருக்கிறது. ஹாலில் அவர் கண்ணால் துரத்துவதற்கும் இப்போது எதுவும் இல்லை.

அரிசியைக் கொட்டிய மறுநாள் காலையில், களைவதற்கு முன் வழக்கம்போல ஒரு பிடி எடுத்துவிட்டேன். கை மேல் தட்டுக்குப் போனது. அங்கே டிரம் இல்லை. அந்தப் பிடியையும் சேர்த்துக் களைந்து உலையில் போட்டேன். அன்றைக்குச் சோறு மிஞ்சியது. அரிசியைக் குறைத்துப் போட எனக்குக் கை வரவில்லை. தினமும் மிஞ்சுகிறது.