முன்வரிசைக் கழுத்து

சட்டைப் பொத்தானில்தான் ஆரம்பித்தது. செங் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலைக்குக் காலையில் கிளம்பும்போது விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை. சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஜாசின் பசாரில் (சந்தையில்), சமதரையில் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே விழுந்தேன். என் மனைவி சாந்தி அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

நான் ஒன்பது ஆண்டுகள் நாட்டுக்காக ரக்பி ஆடியவன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன். ஸ்க்ரமில் (இரு அணிகளும் தலை குனிந்து, தோள் கொடுத்து முட்டித் தள்ளுவது) முன்வரிசையில் நிற்பேன். பின்னால் இருப்பவர்களின் பாரமெல்லாம் என் கழுத்து வழியாகத்தான் போகும்.

ஸ்கேன் படத்தைக் காட்டிய டாக்டர் என் மகள் வயதுப் பெண். மைலோபதி (கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதால் கை, கால் செயலிழப்பது) என்றார்.

"விளையாடுற காலத்துல கை மரத்துப் போயிருக்கா அங்கிள்?"

"கடைசி ரெண்டு வருஷம். மேட்ச் முடிஞ்சா ரெண்டு கையும் எரியும். ஒரு நாள், ரெண்டு நாள் எதையும் பிடிக்க முடியாது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா டீம்ல இருந்து தூக்கிருவாங்க லா."

சாந்தி என்னைப் பார்த்தாள். காரில் ஏறியதும் கேட்டாள்.

"பாப்பா பொறந்தப்ப தூக்கவே மாட்டீங்களே. அதுக்குத்தானா?"

"கீழ போட்டுருவேன்னு பயம்."

"பொம்பளப் புள்ளன்னு தூக்க மாட்டேங்கிறீங்கன்னு இருபத்தாறு வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."



அறுவை சிகிச்சை மேலும் மோசமாகாமல் தடுக்கும், போனதெல்லாம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டேன். அதுவே கோணலாகத்தான் விழுந்தது.

கோலாலம்பூரிலிருந்து மகள் தேன்மொழி வந்திருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து, குழந்தையில் அவளைத் தூக்காததன் காரணத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா. அம்மாவுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கு. அவங்ககிட்ட சோரி சொல்லுங்க."

சொன்னேன். சாந்தி கஞ்சியை ஆற்றிக்கொண்டே அழுதாள். பிறகு ஊட்டிவிட்டாள்.

பிசியோதெரபியில் (உடற்பயிற்சி வழிச் சிகிச்சை) தட்டிலிருந்து பச்சைப்பயறை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்கள். முதல் வாரம் நான்கு எடுத்தேன். இதைப் படிக்கும் உங்களுக்கும் கை மரத்துப்போகிறது என்றால், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். என்னைப் போல் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓராண்டு ஆகிறது. வலக்கைக்கு உணர்வு ஏறக்குறையத் திரும்பிவிட்டது. இடது பாதத்துக்கு மட்டும் தரை இன்னும் சரியாகத் தெரிவதில்லை. கண்ணால் பார்த்துத்தான் வைக்கிறேன். வீட்டிலிருந்து சாலை முனைக்குப் போய்த் திரும்ப நாற்பது நிமிடம் ஆகிறது. ஒரு காலத்தில் அதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். இப்போது நேரம் போவது என்னை உறுத்துவதில்லை.

காலையில் கண் விழித்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று சாந்தியிடம் சொல்கிறேன். இன்று இடது தோளில் கொஞ்சம் மரப்பு.

"சரி, மெதுவா எழுந்திருங்க" என்றாள்.

மெதுவாக எழுந்தேன்.