அம்மாவின் இழுப்புக்காக

அப்பாவின் ஜெபம் எனக்கு இப்போதும் மனப்பாடம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிடுவேன். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்குத் துதி சொல்லித் தொடங்கும். பிறகு நாட்டை ஆளுகிறவர்கள், சபை, போதகர், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்கள், ரயிலில் போகிறவர்கள், வருகிறவர்கள். அப்பாவுக்குத் திருவண்ணாமலை ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் வேலை. அதனால் பிரயாணிகளுக்கு அதில் நிரந்தர இடம் உண்டு. கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். "அடியேனுடைய மனைவியின் சரீரத்தைத் தொட்டு, இழுப்பு நோயை நீக்கி, பூரண சுகத்தைக் கட்டளையிடும்" என்பார். அதற்கப்புறம் பெண்பிள்ளைகள் இருவருக்கும் நல்ல புத்தி. ஆமென்.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. ஆகவே அந்த வரி எனக்கு மூத்தது. விளக்கு வைத்ததும் பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் அப்பாவின் ஜெபம். டியூட்டி மாறினால் நேரம் மாறும், ஜெபம் மாறாது. நானும் தங்கையும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு சொல் முன்னால் வாயசைப்போம். இழுப்பு வரி வரும்போது பக்கத்திலேயே அம்மாவின் நெஞ்சு விசிலடிப்பது நன்றாகக் கேட்கும். அப்பாவுக்குக் கேட்டதா, தெரியாது. அவர் அதற்குள் எங்கள் புத்திக்குப் போயிருப்பார்.

அம்மா ஜெபம் பண்ணினால் ஜெபம் மாதிரியே இருக்காது. அடுப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்போம். அவள் மட்டும் இருப்பாள். "ஏம்ப்பா, கெரசின் இன்னிக்கும் வரலையாம். நீ பாத்துக்குனுதான இருக்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். விறகு ஈரமாக இருந்தால் அதற்கும் ஆண்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். குழாயடியில் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வந்தால், "நான் பேசினது தப்புதாம்ப்பா. ஆனா அவளும் ஜாஸ்திதான் பேசினா" என்பாள். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள். எங்கள் சபையில் வேறு யாரும் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. வீட்டுக்குத்தான் போவார்கள்.

அப்பாவுக்கு அவள் ஜெபம் பிடிக்காது. "கலெக்டர்கிட்ட போய் இப்படிப் பேசுவியா நீ?" என்று கேட்டார் ஒருமுறை. அப்போது எங்கள் ஊருக்கும் வேலூர்தான் ஜில்லாத் தலைநகர்.

"கலெக்டர் வேலூர்ல இருக்காரு. இவரு இங்கதான இருக்காரு" என்றாள் அம்மா.

இன்னொரு நாள் ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீங்க எனக்காகக் கேளுங்களேன்" என்றாள். தினம்தான் கேட்கிறேனே என்றார் அப்பா. "வாய் கேக்குது. நீங்க எங்க கேட்டீங்க?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது உண்மையாகவே வேண்டியிருந்தது. எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போகிற வழியில் இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். அந்த நாட்களில் அம்மா வாசலில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, இரண்டு டம்ளரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். சபைக் கமிட்டியில் அப்பாவும் ஒருவர். அவங்க திருவிழாவுக்கு நாம் தண்ணீர் வைக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார். "கால் வீங்கிப் போய் வர்றாங்க, பாவம். ஆண்டவர் கேட்டா நான் சொல்லிக்கிறேன், கமிட்டிய எதுவும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அண்டா அதன் இடத்திலேயே இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். நான் டைப்பிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன், தங்கை பள்ளிக்கூடத்தில். அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. சுவரெல்லாம் ஓதம். ஒருநாள் விடியற்காலையில் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. எப்போதும் வருகிற மாதிரிதான் வந்தது. வெந்நீர் கொடுத்தோம், முதுகைத் தேய்த்துவிட்டோம். குறையவில்லை. ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் போய்விட்டாள்.

நான் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. வெள்ளைப் புடவை கட்டிய பெண்கள் வந்து உட்கார்ந்து பாடினார்கள். இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போய்விட்டார்கள் என்பதைக் கவனித்தேன். பெட்டியில் அம்மாவின் மூக்குத்தி இல்லாத மூக்கைப் பார்த்தேன். மழையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சேற்றில் ஒட்டிக்கொண்ட செருப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். வந்தவர்கள் எல்லோரும் துக்க வீட்டுக்கென்றே வைத்திருக்கிற வசனத்தைச் சொன்னார்கள். "அழுதுடும்மா, பாரம் கொறையும்" என்றார்கள். எந்தப் பாரம் என்று யோசித்தேன். ஒன்றுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

பக்கத்து வீட்டம்மா மட்டும் வசனம் எதுவும் சொல்லவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள். எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்று கூப்பிடுவதைக் கேட்டு, "உங்க ஐயருக்குப் பூணூல் கெடையாதா?" என்று அம்மாவிடம் கேலி பண்ணுவாள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அவளே சோறும் ரசமும் கொண்டுவந்து, தங்கையைப் பிடித்து உட்காரவைத்து ஊட்டினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், விளக்கு வைத்ததும் அப்பா கூப்பிட்டார். "ஜெபத்துக்கு வாங்க." நான் பாயை விரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். துதி, நாடு, சபை, ஆஸ்பத்திரி, பிரயாணிகள். எனக்கு அடுத்த வரி தெரியும். வரமாட்டான் என்று தெரிந்தவனுக்காகப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி காத்திருந்தேன். வந்தது. "அடியேனுடைய மனைவியின் சரீரத்தைத் தொட்டு, இழுப்பு நோயை நீக்கி, பூரண சுகத்தைக் கட்டளையிடும்." குரல் தடுமாறவே இல்லை. தங்கை என் கையைப் பிடித்து நெரித்தாள். அப்பா எங்கள் புத்திக்குப் போய், ஆமென் சொன்னார். நானும் ஆமென் சொன்னேன். அவர் எழுந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். தங்கை ஆமென் சொல்வதை நிறுத்திவிட்டாள். "அக்கா, நீயாவது அப்பாகிட்ட சொல்லேன்" என்றாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷன் என் அம்மாவுக்காக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அவள் செத்ததுகூட அவர் வாய்க்குத் தெரியவில்லை என்று புரிந்தது. நானும் அப்படித்தானே ஆமென் சொல்கிறேன் என்பதும் புரிந்தது. புரிந்ததே தவிர, எங்கேயும் வலிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஐயரும் கமிட்டி ஆட்களும் ஆறுதல் சொல்ல வந்தார்கள். பெரிய பாயாக விரித்தேன். ஐயர் வேதம் வாசித்துவிட்டு, "நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பண்ணினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது ஒருத்தர் நிமிர்ந்து பார்ப்பார், அத்தோடு இது முடியும் என்று நினைத்தேன். இழுப்பு வரி வந்தது. அதற்கு நடுவிலேயே ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். ஐயர் அப்பாவின் கையைப் பிடித்து, "நல்ல ஜெபம்ங்க. இந்தத் துக்கத்துலயும்" என்றார்.

பக்கத்து வீட்டம்மா ரசப் பாத்திரத்தை வாங்கிப் போக வந்து, ஜெபம் நடக்கிறதே என்று கதவோரம் நின்றிருந்தாள். அவள் கேட்டாள்: "ஏன் சார், செத்தவங்களுக்கும் ஒடம்பு சரியாவணும்னு கேக்கறது உங்க வழக்கமா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல, அக்காவுக்கு இழுப்பு போவணும்னு கேட்டீங்களே, அதான் கேட்டேன். எங்கள்ல அப்படி இல்ல" என்றாள். தப்பாக ஏதோ கேட்டுவிட்டோமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. என்னைப் பார்த்தாள்.

ஐயர் தொண்டையைச் செருமினார். கமிட்டியில் ஒருவர் குடையைத் தேடினார். அப்பா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது. ஜெபத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது, எனக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் தெரியுமே. அந்த வரிக்கு வந்ததும் உதடு நின்றது. "தெனமுமா?" என்று என்னிடம் கேட்டார். தலையாட்டினேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஜெபம் நடக்கவில்லை. விளக்கு வைத்தால் அப்பா பாயில் உட்காருவார், சும்மா இருப்பார், எழுந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சபை ஜெபத்தை அவர்தான் நடத்துவது வழக்கம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதுன்னு ஐயர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். வந்தவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கமிட்டிக்கும் போகவில்லை. துக்கத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறொரு பயம் இருந்தது. அம்மா கடைசிவரை கேட்டது கிடைக்காமலே போனாள். இனி அவர் வாயே திறக்கப் போவதில்லை, அது இந்த வீட்டில் நடக்கவே போவதில்லை என்று நினைத்தேன்.

தீபம் வந்தது. ஸ்பெஷல் ரயில்கள், ஓயாத கூட்டம். அப்பாவுக்கு டியூட்டி. கிளம்புவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய், மூலையில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். குழாயடிக்குப் போய், பெண்கள் எல்லோரும் பார்க்க, குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றினார். கமிட்டிக்காரர் ஒருவர் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். "என்ன சார் இது, நீங்களேவா?"

"அவ வெப்பா. அதான்" என்றார் அப்பா.

டம்ளர் கட்ட மறந்துவிட்டார். ஜனங்கள் அண்டாவைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். தங்கைதான் ஓடிப்போய் இரண்டு டம்ளரை எடுத்துவந்து கட்டினாள். நான் வாசலில் உட்கார்ந்து, காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றியபோது தெருவே கைகூப்பி நின்றது. நான் அண்டாவில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மறுநாள் சாயங்காலம்தான் வீடு வந்தார். கால் வீங்கியிருந்தது. அண்டாவிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். நேரே அடுப்படிக்குப் போனார். நாங்கள் பின்னால் போய் நிலைப்படியில் நின்றோம். அம்மா நிற்கிற இடத்தில், அடுப்பைப் பார்த்து நின்றார். பாய் இல்லை, பாட்டு இல்லை, கண்ணைக்கூட மூடவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அப்புறம், "ஏம்ப்பா" என்றார்.

அது அம்மாவின் சொல். அவர் வாயில் அதை நான் கேட்டதே இல்லை.

"ஏம்ப்பா. அவ இல்ல. அவ கேட்டா, நான் கேக்கல. அவ்ளோ நாளு பக்கத்துல உக்காந்து மூச்சு வாங்கினா, எனக்குக் காதுல விழல. உனக்கு விழுந்திருக்கும்." நிறுத்தினார். அடுப்புத் திட்டைக் கையால் துடைத்தார். "எனக்கு உன்ன விட்டா யாரும் இல்லப்பா. இதுங்க ரெண்டையும் வெச்சிக்கினு எப்படி இருக்கறதுன்னு தெரியல. சொல்லிக் குடு."

அவ்வளவுதான். முடிக்கத் தெரியாமல் நின்றார். ஜெபம் முடிந்ததா இல்லையா என்று தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன். "ஆ" என்று ஆரம்பித்ததுதான் தெரியும். அம்மா செத்த அன்றைக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. அப்பா திரும்பி வந்து, அம்மா தேய்த்துவிடச் சொல்லுவாளே அந்த மாதிரி, என் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.