மலையில் காயாத கூந்தல்

மலைக்காற்று, ஓய்வு. ஊசிகளெல்லாம் போட்டு முடித்தபின் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் காஜா பெராங்கிலிருந்து கிளம்பினோம், நானும் காசமென்னும் நெஞ்சு நோயில் கிடந்த என் மனைவியும். மலாயா விடுதலைக்கு நாலைந்து மாதம் இருந்த பங்குனிக் கடைசி. ஊரே கொடி, கூட்டம், பாட்டு என்று பேசிக்கொண்டிருந்தது. எனக்கோ உலகம் அவள் மூச்சளவுக்குச் சுருங்கியிருந்தது.

தம்பினில் ரயிலேறி, தாப்பாவில் இறங்கி, பட்டாளத்து லாரிகளுக்கு நடுவே ஊர்ந்த பஸ்ஸில் கேமரன் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு வெயில் மெலிந்தது. அவள் சன்னலில் முகம் வைத்து, "என்னாங்க, காத்துக்குக்கூட வாசம் இருக்குங்க" என்றாள். ஒரு வருடமாக அவள் எதையும் முகர்ந்து சொன்னதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் அண்ணன் வீட்டில் தங்கினோம். கீழே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கருகும் ரோஜா அங்கே சாக்கடை ஓரத்தில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடந்தது. வசந்தம் என்ற சொல்லை நான் கவிதையில் மட்டுமே எழுதியவன். வருடம் முழுக்க ஒரே வெயில் காயும் ஊர்க்காரனுக்கு அது வெறும் ஓசை. மலையில் அதற்கு நிறம் வந்தது. அவளுக்கும் வந்தது, மூன்றாம் நாள் கன்னத்தில், ஐந்தாம் நாள் உதட்டில். என் கோட்டைப் போட்டுக்கொண்டு தேயிலைச் சரிவு வரை நடந்து திரும்பினாள், எங்கும் நிற்காமல்.

"என்னாம்மா, தொரசாணி ரவுண்டு முடிஞ்சிச்சா?" என்று அண்ணன் கேலி செய்தார்.

"முடிஞ்சிச்சுண்ணே. கோப்பி எங்க? உங்க மாப்ளய கலக்கச் சொல்லுங்க. சும்மாத்தான வானத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு."

"கவிஞரு கலக்குனா கோப்பி ஆறிப் போயிரும்லா!"

நானும் சிரித்தேன். பிழைத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சித்திரை முதல் நாள் வந்தது. "வருசப் பொறப்பன்னிக்கு எண்ண தேச்சித் தலைக்கு ஊத்தாம எப்படிங்க?" என்றாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. எண்ணெயைச் சுடவைத்து என் கையாலேயே தேய்த்தேன். வெந்நீர்தான் ஊற்றினோம். ஆனால் இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல் அது. காஜா பெராங்கில் அரை மணி வெயிலில் பஞ்சாகிவிடும். மலையில் அன்று வெயில் வரவே இல்லை. நண்பகலிலும் மூடுபனி சன்னலை முட்டிக்கொண்டு நின்றது. துண்டு மாற்றித் துண்டு துவட்டியும் நுனியில் நீர் சொட்டியது. அவள் உதடு நடுங்கியது.

குளிர் அவளைத் தின்றுவிடும் என்று பயந்தேன். பயந்து, நம் வீடுகளில் எப்போதும் செய்வதைச் செய்தேன். சட்டியில் கரி மூட்டி, சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, அவளைப் படுக்கவைத்துக் கூந்தலை அதன்மேல் பரப்பினேன். சன்னலை அடைத்தேன். கதவிடுக்கில் துணி திணித்தேன். புகை எழுந்தது, வெள்ளையாக, மென்மையாக.

"கோயிலு மாதிரி இருக்குங்க." கண்மூடிச் சிரித்தாள்.

"பேசாம படு. இன்னுங் கொஞ்சந்தான்."

இரும ஆரம்பித்தாள். நான் இன்னும் ஒரு பிடி தூவினேன். கூந்தல் காய்ந்தால் போதும், வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து துண்டை வாயில் அழுத்தியபோதுதான் சிவப்பைப் பார்த்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணன், "ஐயோ மாப்ள, நெஞ்சு நோவுக்காரிய உள்ள வச்சி யாராச்சும் பொக போடுவாங்களா!" என்று கத்தினார். சன்னல்களை அவரே திறந்தார். காற்று வந்தது. நாங்கள் தேடிப் போன அதே காற்று. அவளால் அதை உள்ளே இழுக்க முடியவில்லை.

மறுநாளே இறங்கினோம். ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவள் முந்திக்கொண்டாள்.

"குளுரு ஒத்துக்கல டாக்டர். இவரு நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு."

டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

ஆனியில் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள், "மலைக் குளிர் ஒத்துக்கலயாமே" என்றார்கள். ஆமாம் என்றேன். அவள் அண்ணனும் என் முகத்தைப் பார்த்தபடி ஆமாம் என்றார். இத்தனை வருடங்களில் அவர் அதை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரிடமாவது அழுதிருப்பேன்.